முதலில் எஸ்கேப் அடியுங்கள்! (கணினி கேள்வி – பதில்)

போன இதழில் ஃபோன் பேக்கப் பற்றி எழுதும்போது, "நான் இன்னும் விம் எடிட்டரில்தான் எழுதுகிறேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். பேக்கப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்ததெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை பத்தி முழுக்க எடிட்டருக்கே, அதாவது எழுத்தை அடித்துத் திருத்தும் மென்பொருளுக்கே. விம் என்பது விஐ என்ற பழைய எடிட்டரின் வழிவந்தது. புரோகிராம் எழுதாதவர்கள் இந்த ஒரு இதழ் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

அக்கா, லேபில் சர்வருக்குள் நுழைந்தால் விஐ மட்டும்தான் இருக்கிறது. என் லேப்டாப்பில் விஎஸ் கோட் இருக்கும்போது தாத்தா காலத்து எடிட்டரை ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்?
– மாணவர், ரெடுயி

தாத்தா காலம் என்று சரியாகத்தான் சொன்னீர்கள். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து மாணவர் பில் ஜாய் 1976-ல் எழுத ஆரம்பித்தது இது. அவர் உட்கார்ந்திருந்தது ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற டெர்மினல் முன்னால். திரையும் கீபோர்டும் கொண்டு பெரிய கம்ப்யூட்டரோடு பேசும் பெட்டி அது. அதன் கீபோர்டில் அம்புக்குறி விசைகள் தனியாகக் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துகளின் மேலேயே அம்பு வரைந்திருக்கும். விஐ-யில் இன்றைக்கும் இடம், கீழ், மேல், வலம் போக அந்த நான்கையே அடிக்கிறோம். நம் டேப் விசை இருக்கும் இடத்தில் அப்போது எஸ்கேப் இருந்தது. விஐ-யில் எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு; எழுதுவதிலிருந்து கட்டளைக்குத் திரும்ப எஸ்கேப். அது கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால்தான் எதற்கெடுத்தாலும் எஸ்கேப் அடிக்கச் சொல்கிறது. அன்று சுண்டுவிரல் பக்கத்தில் இருந்த விசை, இன்று மூலைக்குப் போய்விட்டது.

அவர் கையில் இருந்தது 300 பாட் மோடம். நொடிக்கு ஏறக்குறைய 30 எழுத்து போகும். 24 வரியும் வரிக்கு 80 எழுத்துமாக ஒரு திரையை நிரப்ப 1,920 எழுத்து வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகும். அந்தக் கஷ்டத்தில் எழுதியதால் கட்டளை ஒவ்வொன்றும் ஓரெழுத்து, ஈரெழுத்தாக நின்றது. டி, டபிள்யூ இரண்டையும் அடித்தால் ஒரு சொல் போய்விடும். திரையில் மாறிய இடத்தை மட்டும் திரும்ப எழுதும்.

இப்போது நம் மொரீஷியஸ் தீவுக்கு வாருங்கள். உங்கள் காலேஜ் சர்வர் பக்கத்து அறையில் இருக்கலாம். நாளைக்கு எபேனில் வேலைக்குப் போனால் சர்வர் பாரிஸில் இருக்கும், அல்லது அமெரிக்காவில். அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் கடலுக்கடியில் கேபிளில் போய், அங்கிருந்து திரும்பி வந்தால்தான் திரையில் தெரியும். நல்ல நாளிலேயே அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரிகிறது. மவுஸை இழுத்து இழுத்துத் தேர்வு செய்கிறவருக்கு அழுகை வரும். பத்து எழுத்துத் தாண்டிப் போகவேண்டியதை இரண்டு எழுத்தில் சொல்கிறவருக்கு வலிக்காது. விஎஸ் கோடும் தூரத்து சர்வருக்குள் போகும்தான். ஆனால் அங்கே தன் சாமான்களை இறக்கி வைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். பழைய, சின்ன சர்வர்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. விஐ-யோ யூனிக்ஸ் தரவரையறையிலேயே பெயர் எழுதப்பட்ட எடிட்டர்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் விசைக் குறுக்குவழிகளை இயக்கிவிட்டு ஜே, கே அடியுங்கள். கடிதம் விட்டுக் கடிதம் தாவும். அந்த டெர்மினலின் அம்புக்குறி அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

விம்மைத் திறந்தேன், மூட முடியவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரையே அணைத்தேன். சிரிக்காதீர்கள்.
– வாசகி, கியூர்பிப்

சிரிக்கவில்லை, நானும் அணைத்திருக்கிறேன். எஸ்கேப் அடியுங்கள். பிறகு கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர். எழுதியதைச் சேமித்துவிட்டு வெளியேற வேண்டுமென்றால் கோலன், டபிள்யூ, கியூ, என்டர்.

ஒரு ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் "கவனம்" என்று பெரிய எழுத்தில் ஒரு பக்கம் எச்சரிக்கை வருகிறது. டாட் எஸ்டபிள்யூபி என்று ஏதோ ஃபைல் இருக்கிறதாம். வைரஸா?
– வாசகர், வாக்கோவா

வைரஸ் இல்லை, உங்கள் உயிரைக் காப்பாற்றுகிற ஆள்.

விம் நீங்கள் அடிப்பதையெல்லாம் பக்கத்தில் ஒரு மறைவான ஃபைலில் குறித்துக்கொண்டே வரும். 200 எழுத்து அடித்தால் ஒரு தரம், 4 நொடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு தரம். ஒழுங்காக மூடினால் அந்த ஃபைலைத் தானே அழித்துவிடும். கரண்ட் போனாலோ லைன் அறுந்தாலோ அது அங்கேயே கிடக்கும். அடுத்த முறை திறக்கும்போது, "ஐயா, பாதியில் விட்டுப் போனது ஒன்று இருக்கிறது" என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது நான் ரோஸ் ஹில் வீட்டில் இருந்தபடி தூரத்து சர்வர் ஒன்றில் நீளமான ஒரு செட்டிங்ஸ் ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தேன். போர்ட் லூயிஸில் தெருவில் கார்கள் மிதக்கிற வீடியோவை மகள் காட்டிக்கொண்டிருக்கிறாள், எனக்கு நடுவில் நிறுத்த மனசில்லை. கரண்ட் போயிற்று. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, வீட்டு வைஃபைக்கு இல்லை. ஒன்றரை மணி நேர வேலை, கடைசியாக எப்போது சேமித்தேன் என்றே நினைவில்லை. அந்த ராத்திரி என்னோடு யாரும் பேசவில்லை.

மறுநாள் திறந்ததும் நீங்கள் சொல்கிற அதே எச்சரிக்கை. ஆர் அடித்தேன், மீட்டுக்கொடு என்று அர்த்தம். கடைசி அரை வரி தவிர எல்லாம் வந்துவிட்டது. எச்சரிக்கைப் பக்கத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஆர் அடித்து மீட்டு, சரிபார்த்து, சேமித்துவிட்டு, பழைய டாட் எஸ்டபிள்யூபி ஃபைலை அழித்துவிடுங்கள். இனிமேல் வராது. ஒன்று மட்டும் கவனம். அதே ஃபைலை வேறொருவர் அதே நேரத்தில் திறந்து வைத்திருந்தாலும் இந்த எச்சரிக்கைதான் வரும். ஆபீஸ் சர்வரென்றால் விசாரித்துவிட்டு அழியுங்கள்.

புதுச்சேரியிலிருந்து ரியூனியனுக்கு வந்து மூன்று வருடம். இங்கே எல்லாம் பிரெஞ்சு அசெர்ட்டி கீபோர்டு. சதுர அடைப்புக்குறிக்கு ஆல்ட்-ஜிஆர் வேண்டும், எண்ணுக்கு ஷிஃப்ட் வேண்டும். விம்மை விட்டுவிடலாமா?
– வாசகர், சென்-தெனி

விடாதீர்கள். முதலில் லாபத்தைப் பாருங்கள். அசெர்ட்டியில் கோலனுக்கு ஷிஃப்ட் வேண்டாம், ஒரே தட்டு. ஆங்கிலக் கீபோர்டுக்காரர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை கோலனுக்காக ஷிஃப்ட் அழுத்துகிறார்கள் தெரியுமா? ஹெச், ஜே, கே, எல் நான்கும் இடம் மாறவில்லை.

நஷ்டம் நீங்கள் சொன்னதுதான். விம்மின் உதவிப் பக்கங்களில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ கன்ட்ரோலும் மூடும் சதுர அடைப்பும் சேர்த்து அடிக்க வேண்டும். அசெர்ட்டியில் அதற்கு மூன்று விரல், இரண்டு கை, கொஞ்சம் யோகாசனம். போர்ட் லூயிஸில் ஒரு அலுவலகத்தில் நான்கு மாதம் அந்தக் கீபோர்டில் வேலை பார்த்திருக்கிறேன்.

அங்கேதான் ஒன்று கவனித்தேன். பிரெஞ்சுக் கீபோர்டில் குறியிட்ட எழுத்துகள் ஐந்துக்குத் தனி விசை உண்டு. 2, 7, 9, 0 என்ற எண்களின் விசைகளில் ஷிஃப்ட் இல்லாமல் விழுபவை நான்கு, எம்-முக்கு வலப்பக்கம் ஒன்று. கட்டளை நிலையில் இருக்கும்போது விம்முக்கு அந்த ஐந்தும் தெரியாது. அதன் முன்னோடி விஐ அமெரிக்காவில் பிறந்ததுதானே! ஆகவே ஐந்து விசையும் சும்மா கிடக்கின்றன. 2-ன் விசையைத் திறக்கும் அடைப்புக்கும், 0-வின் விசையை மூடும் அடைப்புக்கும், எம்-முக்குப் பக்கத்தில் உள்ளதைத் தலைப்புக்குத் தாவுவதற்கும் மாற்றிக்கொண்டேன். விம்மின் செட்டிங்ஸை வைக்கும் விம்ஆர்சி ஃபைலில் என்மேப் என்று தொடங்கும் மூன்று வரி. எழுதும் நிலையில் அந்த விசைகள் வழக்கம்போல் பிரெஞ்சு எழுத்தையே தரும், கடிதம் எழுதுவதற்கும் இடைஞ்சல் இல்லை. 7-ம் 9-ம் உங்கள் இஷ்டம்.

ஆட்டம் எடிட்டரில் ஐந்து வருடம் பழகினேன். மூடிவிட்டார்கள். இனி எதை நம்பிப் பழகுவது? ஓப்பன் சோர்ஸ் என்றால் சாகாது என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள்.
– வாசகர், கத்ர் போர்ன்

எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். ஓப்பன் சோர்ஸாக இருந்தும் ஆட்டம் போய்விட்டது. கிட்ஹப் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது, 2018-ல் கிட்ஹப்பையே மைக்ரோசாஃப்ட் வாங்கியது, மைக்ரோசாஃப்டிடம் ஏற்கெனவே 2015-லிருந்து விஎஸ் கோட் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எதற்கு? 2022 டிசம்பர் 15 அன்று ஆட்டத்தை மூடினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆட்டத்துக்காகச் செய்த எலெக்ட்ரான் என்ற அடிக்கூடு மேல்தான் விஎஸ் கோட் நிற்கிறது. ஆட்டத்தின் கோடை எடுத்துச் சிலர் பல்சர் என்ற பெயரில் நடத்துகிறார்கள், வேண்டுமானால் பாருங்கள்.

இப்போது விம்மின் கதை. நெதர்லாந்துக்காரர் பிராம் மூலெனார் தன் அமிகா கம்ப்யூட்டருக்கு ஒரு விஐ வேண்டுமென்று ஆரம்பித்து 1991-ல் வெளியிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் கடிவாளம் அவர் கையில்தான். விலை வைக்கவில்லை. "உகாண்டாவில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள்" என்று முதல் திரையில் ஒரு வரி போட்டார். அந்த வரி இன்னும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 3 அன்று இறந்துபோனார். ஒற்றை ஆள் நடத்திய கடை, அதோடு ஷட்டர் விழுந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். கூட வேலை செய்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், 2024 ஜனவரியிலேயே 9.1 பதிப்பு அவர் நினைவாக வந்தது.

ஏன் ஒன்று போயிற்று, ஒன்று நின்றது? என் கணிப்பைச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு அடியில் ஒரு முழு பிரவுசரே இருக்கிறது. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கச் சம்பளம் வாங்கும் ஆட்கள் வேண்டும். சம்பளம் நின்றால் தடுமாறும். விம்முக்கு வேண்டியது ஒரு சி கம்பைலரும் ஒரு டெர்மினலும். அப்புறம், அதன் கட்டளைகள் விம்முக்கே சொந்தமில்லை. சொல்லை மாற்ற கோலன், எஸ், சாய்கோடு போட்டு அடிக்கிறோமே, அது கென் தாம்ப்ஸன் 1969-ல் எழுதிய ஈடி எடிட்டரின் கட்டளை. விஐ அதை வாங்கிக்கொண்டது, விஐ-யிடமிருந்து விம், விம்மிலிருந்து 2014-ல் பிரிந்த நியோவிம்மும் அதையே பேசுகிறது. விஎஸ் கோடுக்குள்ளேயே விம் விசைகளைத் தரும் நீட்சி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் விஎஸ் கோடிலேயே இருக்கலாம். நாளைக்கு அதையும் மூடினால் கை பழகினது கையோடு வரும்.

தமிழ் வகுப்புக்கான பாடங்களை வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் வைத்துக்கொள்ள ஆசை. விம்மில் முயன்றேன். தமிழ்99 விசைப்பலகை போட்டவுடன் எந்தக் கட்டளையும் வேலை செய்யவில்லை. இந்தப் பழைய எடிட்டர்களுக்குத் தமிழ் வருமா, வராதா?
– தமிழாசிரியை, மாஹேபூர்

டீச்சர், இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பத்தியையே எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பது இதுதான். தமிழ்99-ல் ஹெச், ஜே, கே, எல் விசைகள் க, ப, ம, த. நீங்கள் கீழே இறங்க ஜே அடிக்கிறீர்கள், விம்முக்குப் போய்ச் சேருவது ப. அது திருதிருவென்று முழிக்கிறது. ஒவ்வொரு முறையும் எஸ்கேப் அடித்த பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, திரும்ப எழுதும்போது தமிழுக்கு மாறி... ஒரு பக்கம் முடிவதற்குள் வெறுத்துவிடும்.

வழி இருக்கிறது. கம்ப்யூட்டரின் தமிழ் விசையை அணைத்துவிட்டு விம்முக்குள்ளேயே கீமேப் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அது எழுதும் நிலையில் மட்டும் தமிழாகும், எஸ்கேப் அடித்த நொடியே தானாக ஆங்கிலமாகிவிடும். விம்மோடு வருகிற டிஸ்கி கீமேப் யூனிகோடுக்கு முந்தின தமிழ்க் குறியீட்டுக்கானது, அதைத் தொடாதீர்கள். நானே ஒன்று செய்துகொண்டேன். கீமேப் ஃபைல் என்பது இரண்டு பத்தி கொண்ட சாதாரணப் பட்டியல். இடப்பக்கம் ஹெச், கியூ, வலப்பக்கம் கா. இப்படி 18 மெய்யும் 11 உயிரும் பெருக்கினால் 198 வரி, அதோடு தனியெழுத்துகள், கிரந்தம், க்க, ப்ப என்று தானாகப் புள்ளி விழ வேண்டியவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போயிற்று. கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடிக்க முடியும், பார்க்கத்தான் கஷ்டம். டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு. கட்டத்துக்கு ஓரெழுத்து. நம் "கொ"வில் கொம்பு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும், டெர்மினலுக்கு டெர்மினல் அது ஒவ்வொரு விதமாக உடையும். நான் விம்மில் எழுதுவது புரோகிராமும் அதற்கான தமிழ்க் குறிப்பும்தான். பாடம் எழுத உங்களுக்கு ஈமேக்ஸ் என்ற இன்னொரு பழைய எடிட்டர் நல்லது. தனி ஜன்னலில் ஓடும் ஈமேக்ஸ் 27 முதல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோப்பியைப் பயன்படுத்துகிறது. கொ, கோ, கௌ எல்லாம் சரியாக நிற்கும். தமிழ் உள்ளீட்டு முறைகளும் கூடவே வருகின்றன. ஒரு முறை தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பிறகு கன்ட்ரோலும் பின்சாய்கோடும் அடித்தால் தமிழ், மறுபடி அடித்தால் ஆங்கிலம்.

அதில் நான் ரசித்த ஒன்று. "கொ"வுக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் அடியுங்கள், கொம்பும் காலும் மட்டும் போய் க நிற்கும். "கொ"வுக்கு முன்னால் நின்று டெலீட் அடியுங்கள், முழு எழுத்தும் போய்விடும். உயிர்மெய் என்பது உயிரும் மெய்யும் சேர்ந்தது என்று குழந்தைகளுக்கு விளக்க கரும்பலகையைவிட நல்ல கருவி.

நிறுவியதும் முதலில் கன்ட்ரோல்-ஹெச் அடித்து, விட்டு, ஹெச் அடியுங்கள். உலக மொழிகளில் எல்லாம் முகமன் சொல்லும் ஒரு பட்டியல் திறக்கும். அதில் "வணக்கம்" இருக்கும். நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எத்தனையாவது வரியில் என்று 1998-ல் ஊரே சண்டை போட்டோம். இதில் எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள், நான் வம்புக்கு வரவில்லை.

என் விம்மில் 60 ப்ளகின், 900 வரி செட்டிங்ஸ். பாதி நெட்டில் எடுத்தது. அப்டேட் போட்டால் ஏதாவது ஒன்று உடைகிறது. ஈமேக்ஸுக்கு மாறினால் தீருமா?
– பொறியாளர், எபேன்

தீராது. அங்கே போய் 1,800 வரி எழுதுவீர்கள்.

என் மாமியாரிடம் ஒரு ரோஸ் காரி இருந்தது. நம் அம்மிதான், இங்கே கிரியோலில் அந்தப் பெயர். வழவழப்பானால் கொத்தி வைப்பார். கொத்தாத அம்மியில் மசாலா அரைபடாது. தினமும் கொத்தினால் குழம்பில் கல் கடிபடும். நீங்கள் தினமும் கொத்துகிறீர்கள்.

நானும் கடிபட்டவள்தான். 2003-ல் ஒரு சீனியர் தன் விம்ஆர்சியை "வைத்துக்கொள்ளம்மா" என்று கொடுத்தார். டேப் விசை அடித்தால் இடைவெளியாக மாற்றும் வரி ஒன்று அதில் இருந்தது, எனக்குத் தெரியாது. மறுநாள் மேக்ஃபைல் ஒன்றைத் திருத்தினேன், மேக் என்ற கருவி புரோகிராமைக் கட்டுவதற்குப் படிக்கும் ஃபைல் அது. "பிரிப்பான் இல்லை" என்று மேக் முரண்டு பிடித்தது. மேக்ஃபைலில் கட்டளை வரிக்கு முன்னால் நிஜமான டேப் இருந்தாக வேண்டும், இடைவெளி ஆகாது. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை எதிரே இருப்பது தெரியாமல் தேடினேன். மேக்ஃபைல் வகையைப் பார்த்தால் விம் தானே டேப்பை விட்டுவைக்கும், ஃபைல்டைப் ப்ளகின் ஆன் என்ற ஒரு வரி போதும். சீனியர் ஃபைலில் அந்த வரி இல்லை. அவருக்கு மேக்ஃபைலோடு வேலையே கிடையாது.

அன்றைக்கே அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் விம்மிலிருந்து ஆரம்பித்தேன். ஒரே எரிச்சல் மூன்று முறை வந்தால்தான் ஒரு வரி சேர்ப்பேன். மேலே தமிழில் தேதியும் காரணமும் எழுதுவேன். "2011 மார்ச். மூடித் திறந்தாலும் அன்டூ வேண்டும். நேற்று அழித்தது இன்றைக்குத்தான் தேவைப்படுகிறது." இது ஒரு குறிப்பு. அசெர்ட்டியின் மூன்று வரிக்கு மேலே, "இந்த ஆபீஸை விட்டதும் அழிக்கவும்" என்று இருக்கிறது. அழிக்கவில்லை. 21 வருடத்தில் 142 வரி, ப்ளகின் நான்கு. புதுக் கம்ப்யூட்டருக்கு மாறினால் அந்த ஒரு ஃபைலை நகல் எடுத்தால் என் கை வந்துவிடும்.

உங்களுக்குச் சொல்வது: 900 வரியை வேறு பெயரில் ஒதுக்கி வையுங்கள், அழிக்க வேண்டாம். இரண்டு வாரம் வெறும் விம். கை தேடுவதை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். அறுபதில் பத்துகூடத் திரும்பாது.

ஈமேக்ஸ் வேறு ஜாதி. எம்ஐடியில் டெக்கோ என்ற எடிட்டருக்கு ஆளாளுக்கு எழுதிக் குவித்த மேக்ரோக்களை 1976-ல் ஒன்றாகக் கட்டியதுதான் அதன் பிறப்பு. மாற்றி அமைப்பதிலேயே பிறந்த எடிட்டர். ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு ஈமேக்ஸ் 1985-ல் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு விசையும் லிஸ்ப் மொழியில் ஒரு சின்னச் செயல். கன்ட்ரோல்-ஹெச், கே அடித்துவிட்டு எந்த விசையைத் தொட்டாலும், அது எந்தச் செயல், அதன் மூலநிரல் எங்கே என்று காட்டும். அங்கேயே திருத்தி, எடிட்டரை மூடாமலே ஓட்டிப் பார்க்கலாம். லிஸ்ப் பிடிக்கும் என்றால் போங்கள். ப்ளகினிலிருந்து தப்பிக்கப் போகாதீர்கள்.

என் மகன் ராத்திரி ஒரு மணி வரை ஈமேக்ஸோ என்னவோ, அதில் நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறான். மெயில் அதில், நாட்குறிப்பு அதில், டெட்ரிஸ்கூட அதில். டாக்டரிடம் காட்டலாமா அம்மா?
– ஒரு தாய், போ பசான்

டாக்டரும் அதற்குள்ளேயே இருக்கிறார் அம்மா. எம்-எக்ஸ், அதாவது ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அடித்து, டாக்டர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் வருவார். "உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்பார், சொன்னால் அதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பார். ஃபீஸ் கிடையாது. ஆனால் அவருக்குத் தமிழும் வராது, கிரியோலும் வராது. நீங்கள் ஒரு மணிக்கு வைஃபையை அணைத்துப் பாருங்கள். அணைத்தாலும் ஈமேக்ஸ் ஓடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.